பூப்புக்குப் பின் படிப்பு: சென்னை மாகாணத்தில் மகள்களுக்காக வழக்கை மீறிய பெற்றோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் பெண் குழந்தைகளுக்கான பள்ளிகள் இல்லாமல் இல்லை. கிறித்தவ மிஷன்கள் நடத்தியவையும், அரசு நடத்தியவையும், சில ஊர்களில் உள்ளூர்ப் பெரியவர்கள் முன்னின்று தொடங்கியவையும் இருந்தன. ஆனால் அவற்றில் சேர்ந்த சிறுமிகளில் பெரும்பாலோர் பத்து, பதினொரு வயதைத் தாண்டியதும் வகுப்பிலிருந்து நின்றுவிட்டனர். மேல்சாதிக் குடும்பங்கள் பலவற்றில் பெண்ணுக்குப் பூப்புக்கு முன்பே மணம் முடிப்பது கடமையாகக் கருதப்பட்டது. அவ்வாறு முடிக்காத குடும்பங்களிலும் பூப்பெய்திய பெண் தெருவில் நடந்து பள்ளிக்குப் போவது தகாததாகவே எண்ணப்பட்டது. ஓர் ஆண்பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் திறந்துகொள்ளும் அதே பதின்பருவத்தில்தான் பெண்பிள்ளைக்குப் படிப்பு முடிந்தது. ஆகவே அக்காலத்துப் பெற்றோர் ஒருவர் தம் மகள் பெரிதாக ஒன்றை விரும்பி அடைய வேண்டும் என்று நினைத்தால், அதற்கு அவர் செய்ய வேண்டிய முதற்காரியம் அறிவுரை கூறுவதாக இருக்கவில்லை. அந்தச் சில ஆண்டுகளை அவளுக்காக மீட்டுத் தருவதாகவே இருந்தது.

அதற்கான நிறுவன வாயில் ஒன்று சென்னையில் சற்று முன்னதாகவே திறந்திருந்தது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி, மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வங்காளத்தில் பெண்கள் மருத்துவம் பயில அப்போது இடமில்லாததால், பிரம்ம சமாஜச் சீர்திருத்தவாதியான துர்காமோகன் தாஸ் தம் மகள் அபலாவை 1882இல் அரசு உதவித்தொகையுடன் இங்கே அனுப்பினார். உடல்நலக் குறைவால் அவர் படிப்பை முடிக்காமலே திரும்ப நேர்ந்தது என்றாலும், பதின்பருவ மகளை மொழி தெரியாத தொலைவான நகரத்துக்குக் கல்விக்காக மட்டுமே ஒரு தந்தை அனுப்பினார் என்பது அக்காலத்தில் எளிய செய்தியன்று. இருந்தும் மருத்துவக் கல்லூரியின் வாயில் திறந்திருந்ததனால் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடவில்லை. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடப்பதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்தத் தூரத்தைக் கடந்தவர்களுள் முதன்மையானவர் முத்துலட்சுமி. அவர் 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அவருடைய தந்தை எஸ். நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசிகள் என்று அழைக்கப்பட்ட, கோயிலுக்கும் கலைக்கும் அர்ப்பணிக்கப்பட்ட பெண்களின் மரபிலிருந்து வந்தவர். இந்த மணத்தின் காரணமாகத் தந்தையின் சுற்றத்தார் அவரை விலக்கி வைத்தனர். பூப்பெய்தியதும் முத்துலட்சுமியின் பள்ளிப் படிப்பும் வழக்கப்படி நின்றது. ஆனால் தந்தையும் பிற ஆசிரியர்களும் வீட்டிலேயே அவருக்குப் பாடம் நடத்தினர். அவர் 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வை, அதாவது பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கான அக்காலத் தேர்வை, தனித்தேர்வராக எழுதித் தேறினார். தாய் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க விரும்பினார். பிறப்பாலேயே ஊராரின் பேச்சுக்கு ஆளாகக்கூடிய ஒரு பெண்ணுக்கு மணவாழ்க்கைதான் பாதுகாப்பு என்று அந்தத் தாய் கருதியிருந்தால், அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. தம் மரபின் பெண்களுக்கு நேர்ந்ததை அவரைவிட நன்றாக அறிந்தவர் அவ்வீட்டில் வேறொருவர் இல்லை. மேலே படிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றவர் மகள். அந்த உறுதிக்குத் தந்தை துணை நின்றார். பெற்றோரின் ஊக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இங்கே மகளின் விருப்பத்துக்குப் பின்னால்தான் வருகிறது என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த தடை கல்லூரி. ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் 1904இல் முத்துலட்சுமி சேர முயன்றபோது, ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றும், அவருடைய தாயின் பிறப்பைச் சுட்டியும் எதிர்ப்புக் கிளம்பியது. தந்தை அக்கல்லூரியோடு கொண்டிருந்த நீண்ட உறவுகூட அந்த எதிர்ப்பை அடக்கப் போதவில்லை. சமஸ்தானத்தின் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அவரைச் சேர்க்க ஆணையிட்டதோடு உதவித்தொகையும் வழங்கினார். மாணவர்களிடமிருந்து பிரிக்கும் திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்று வெளியேறினார். பின்னாளில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணாகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை ஒழிக்க அவர் நடத்திய போராட்டம் தாயின் மரபிலிருந்தே எழுந்தது. தந்தை தந்தது பாடமும் துணிவும் என்றால், எதற்காக அவற்றைப் பயன்படுத்துவது என்பதைத் தாயின் வாழ்க்கை அவருக்குக் காட்டியது எனலாம்.

முத்துலட்சுமி பிறந்த அதே 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சென்னை மயிலாப்பூரில் சுப்பலட்சுமி பிறந்தார். பின்னாளில் சகோதரி சுப்பலட்சுமி என்று மாகாணம் முழுவதும் அறியப்பட்டவர் இவரே. தஞ்சாவூர் மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட பிராமணக் குடும்பத்தில் ஆர். வி. சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சிக்கும் மூத்த மகளாகப் பிறந்த அவருக்கு, வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, விரைவிலேயே கணவர் இறந்துபோனார். அச்சமூகத்தில் கைம்பெண் என்றால் தலைமயிர் மழிக்கப்பட்டு, நார்மடிப் புடவை உடுத்தி, ஒருவேளை உணவோடு அடுக்களையின் இருண்ட மூலையில் வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் தளர்த்தப்படவில்லை. சுப்பலட்சுமியின் பெற்றோர் இதை ஏற்க மறுத்தனர். மகளின் தலையை மழிக்கவில்லை. உறவினரின் வாயிலிருந்து தப்பவும் மகளைப் படிக்க வைக்கவும் எழும்பூரில் குடியேறினர். தந்தை ஆங்கிலம் கற்பித்தார்; பின்னர் கன்னியாஸ்திரீகள் நடத்திய எழும்பூர்ப் பள்ளியில் மகளைச் சேர்த்தார்.

இங்கே சித்தி வாலாம்பாளைக் குறிப்பிடாமல் விடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. தாமும் கைம்பெண்ணாகவே அந்த வீட்டில் வாழ்ந்த அவர், அக்காள் மகளின் படிப்புக்கு உறுதுணையாக நின்றார். பெண் கல்வி வரலாறுகளில் தந்தையரின் பெயர்கள் பட்டத்தோடும் பதவியோடும் பதிவாகின்றன. விடியற்காலையில் எழுந்து சோறாக்கி, அக்கம்பக்கத்தாரின் குத்தல் பேச்சைத் தாங்கி, படிக்கும் பெண்ணை வீட்டுவேலையிலிருந்து விடுவித்த தாய்மாரும் சித்திமாரும் பாட்டிமாரும் அரிதாகவே பதிவாகின்றனர். பெற்றோரின் ஊக்கத்துக்கு வீட்டுக்குள் ஒரு தினசரி உழைப்பு இருந்தது. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு அந்தக் கல்வி மறுக்கப்பட்டவர்கள்.

சுப்பலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துக் கைம்பெண் ஆனார். அதன்பின் அவர் செய்ததுதான் இவ்வரலாற்றின் திருப்பம். 1912இல் கல்வித்துறை அதிகாரியான கிறிஸ்டினா லிஞ்சின் துணையுடன், சில இளம் கைம்பெண்களை எழும்பூரில் தம்மோடு தங்கவைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். தமக்குத் தம் பெற்றோர் செய்ததை, அவ்வாறு செய்யும் ஆற்றலோ துணிவோ இல்லாத பெற்றோரின் மகள்களுக்கு அவர் செய்தார். அந்த விடுதி வளர்ந்து பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், முன்பு பனிக்கட்டிக் கிடங்காக இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு இடம் மாறியது. ஆசிரியைகளுக்கான தேவையும் ஊதியமும் இருந்ததால், ஆசிரியைப் பயிற்சியே அங்கிருந்த பெண்களின் பொதுவான இலக்காயிற்று. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும்: விடுதி தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சாதி விலக்குக்கு அஞ்சிய பெற்றோரை இணங்க வைக்க அந்த எல்லை தேவைப்பட்டது என்று விளக்கம் கூறலாம். ஆனால் அதே தேவையுடைய பிற சாதிப் பெண்கள் வெளியே நின்றனர் என்ற உண்மையை அந்த விளக்கம் மாற்றாது. 1930இல் முத்துலட்சுமி தொடங்கிய அவ்வை இல்லம், தேவதாசிக் குடும்பங்களை விட்டு வெளியேறியும் எந்த விடுதியிலும் இடம் கிடைக்காத இளம்பெண்களை ஏற்றதிலிருந்து பிறந்தது என்பது இந்த இடைவெளியின் அளவைக் காட்டும்.

இதற்கிடையில் சட்டமும் நிறுவனங்களும் மெல்ல மாறின. 1914இல் சென்னையில் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி பின்னர் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி வந்தது. திரையும் தனி ஆணையும் இல்லாமலே மகளைக் கல்லூரியில் சேர்க்கத் தந்தையரால் முடிந்தது. சாரதா சட்டம் என்று வழங்கப்பட்ட 1929ஆம் ஆண்டுக் குழந்தை மணத் தடைச் சட்டம் பெண்ணின் மணவயதைப் 14ஆக உயர்த்தியது. ஆயினும் சட்டம் கேட்டது பதினான்கு வயதை மட்டுமே. கல்லூரிப் படிப்பு கேட்டதோ பதினெட்டையும் இருபதையும். நடுவே இருந்த ஆண்டுகளைத் தருவதா மறுப்பதா என்பது பெற்றோரின் கையில்தான் தொடர்ந்து இருந்தது.

இந்த முரண் ஒரே குடும்பத்துக்குள் வெளிப்பட்டதை லலிதாவின் வாழ்க்கை காட்டுகிறது. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பமொன்றில் 1919இல் அவர் பிறந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகன்களைப் பொறியாளர்களாக்கிய அந்த வீட்டில், மகளைப் பள்ளியிறுதி வரை படிக்கவைத்து 1934இல் பதினைந்து வயதில் மணம் முடித்துக் கொடுத்தனர். 1937இல் கணவர் இறந்தபோது லலிதாவுக்குப் பதினெட்டு வயது, கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. படித்த குடும்பம்கூட மகளுக்குப் பெரிய இலக்கு ஒன்று தேவை என்று உணர ஒரு மரணம் நேர வேண்டியிருந்தது என்பது வேதனையானது. உணர்ந்தபின் தந்தை தயங்கவில்லை. ராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட், அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பை முதல் வகுப்பில் முடித்ததும், பகலிரவாக அழைக்கும் மருத்துவப் பணியைவிடக் குழந்தையைக் கவனிக்க இடம் தரும் பொறியியலே மேல் என்று லலிதா கருதினார். பெண்களைச் சேர்த்திராத கிண்டிக் கல்லூரியின் முதல்வர் கே. சி. சாக்கோவிடமும், மாகாணப் பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேத்தமிடமும் சுப்பாராவ் நேரில் வாதாடி, 1940இல் மகளுக்கு இடம் பெற்றார்.

நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே தனியொரு பெண்ணாக விடுதியில் தங்கிய லலிதா தனிமையை உணர்ந்தபோது, தந்தை மகளைத் தேற்றுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெண்களுக்கும் இடம் உண்டு என்று கல்லூரி அறிவிக்குமாறு முதல்வரை வற்புறுத்தினார். அந்த அறிவிப்பைக் கண்டு லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். லலிதாவின் குழந்தையை அண்ணன் குடும்பத்தினர் வளர்க்க, அவர் வாரயிறுதிகளில் போய்ப் பார்த்து வந்தார். 1943இல் படிப்பை முடித்து, ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்று, பின்னர் கல்கத்தாவில் தனியார் மின்பொறியியல் நிறுவனத்தில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான வேலைகளிலும் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

நாராயணசாமி ஐயர், சுப்பாராவ் போன்றோரைப் போற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அவர்கள் கதவைத் தட்டியபோது திறப்பதற்கு ஆள் இருந்தார்கள். கல்லூரி முதல்வரையும் கல்வி இயக்குநரையும் மன்னரையும் எட்டக்கூடிய பதவியும் ஆங்கிலமும் அவர்களிடம் இருந்தன. தறி நெய்தவருக்கும் வயலில் உழைத்தவருக்கும் மகள்மீதிருந்த ஆசை குறைவு என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை, எட்டும் தூரந்தான் வேறு. அதனாலேயே தம் மகளுக்கு மட்டுமென்று தொடங்கியது பிறருக்கும் பயன்பட்ட இடங்கள், அதாவது எழும்பூர் விடுதியும் அவ்வை இல்லமும் கிண்டியின் அறிவிப்பும், தனி வெற்றிகளைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. அந்த அறிவிப்பினால் உள்ளே வந்த திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.