கடைக்குள் எடுக்கப்படும் படம் யாரிடம் போகிறது?

பொருட்களின் விலையைச் சேகரிப்பதற்கென்றே ஸ்மார்ட் போன் செயலிகள் இருக்கின்றன. செயலியைத் திறந்தால் அருகிலுள்ள கடைகள் வரைபடத்தில் தெரியும். ஒரு கிலோ பருப்பின் விலையைப் படம் எடுக்குமாறு ஒரு வேலை வரும். எடுத்து அனுப்பினால் சிறுதொகை கணக்கில் சேரும். படத்தோடு இடமும் நேரமும் தாமாகவே போய்விடும். கடைக்காரருக்கு இது பெரும்பாலும் தெரியாது.

2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட பிரிமைஸ் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. இந்தியா, பிரேசில் போன்ற நாடுகளில் உணவுப் பொருட்களின் விலைகளைப் படங்களாகத் திரட்டி, அரச புள்ளிவிபரம் வெளிவரும் முன்னரே பணவீக்கத்தைக் கணித்தது.

இதன் பயனை நான் மறுக்கமாட்டேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பெயர் சொல்வதுபோல அது கொழும்பின் கணக்கு. தேசிய சுட்டெண் எல்லா மாகாணங்களையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிவிடும். ஒட்டுசுட்டானில் அன்று தேங்காய் என்ன விலை போனது என்பதை இரண்டிலும் தேடமுடியாது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் பற்றரியும் வவுனியாவில் ஒரு விலை, கிளிநொச்சியில் பல மடங்கு விலை. அந்த விலைகளும் இன்று பெரும்பாலும் ஆட்களின் ஞாபகத்தில்தான் கிடக்கின்றன.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பிரிமைஸ் திரட்டும் தகவலைப் பெறுவோரில் அமெரிக்க இராணுவமும் உண்டு என்றும், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் படம் எடுத்தவர்கள் பலருக்கு அது தெரியாது என்றும் 2021 ஜூனில் வோல் ஸ்ரீட் ஜேர்னல் எழுதியது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் இராணுவம், இதே செயலி ரஷ்யாவுக்கு உதவுவதாகக் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. உண்மை எதுவோ, சில ரூபாய்களுக்காகப் படம் எடுத்தவரே சந்தேகத்துக்கு ஆளானார்.

வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. யார் படம் எடுத்தாலும் எதற்கென்று யோசிக்கும் சனம் நாங்கள். நான் சில மாதங்களாக அரிசி, சீனி, மா விலைகளைக் கைத்தொலைபேசியில் குறித்து வருகிறேன். பரந்தனில் ஒரு கடைக்கார ஐயா, "தம்பி, இதை எங்க குடுக்கப்போறியள்?" என்றுதான் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு மட்டும்தான் என்றதும் பழைய சிட்டைகளையும் எடுத்துக் காட்டினார்.

உண்மையில் எங்கள் தேவைக்கு ஒளித்துப் படம் எடுக்கவே வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வியாபாரி விலையை எல்லோருக்கும் தெரியும்படி காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரின் உச்ச சில்லறை விலை 100 ரூபாய்; குளிரூட்டியது என்று சொல்லிக் கூடுதலாக வாங்கமுடியாது. உச்ச விலையை மீறும் தனி வியாபாரிக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபாய் தண்டம்.

செயலியில் சேருபவர்கள் முதலில் அதன் தனியுரிமை விதிகளில் தகவல் யாருக்கு விற்கப்படும் என்பதைப் பார்க்கவேண்டும். கடையைவிட்டு வேறு எதையாவது, வீதித்தடை, முகாம் வாசல் என்று படம் எடுக்கச் சொன்னால் அந்த வேலையை விட்டுவிடுவது நல்லது. கூடிய விலைக்கு விற்றால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கடையின் பெயர், திகதி, பற்றுச்சீட்டு, பொதியில் அச்சிட்ட விலை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.