12 மணி நேர வேலை மசோதா முதல் தேர்தல் பத்திரம் வரை: கார்ப்பரேட் செல்வாக்கை எதிர்த்துப் போராடினா பலன் இருக்கா?

அண்ணனூர் ரயில் நிலையத்தில் நின்றால் சென்னைப் பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, எதிர்ப்பக்கம் அடுத்த ஸ்டேஷனே ஆவடி. இந்த இரண்டு ஊர்களின் தொழிலாளர்களும் சில ஆண்டுகளுக்கு முன் அரசின் முடிவுகளை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஒரு முடிவு பத்தே நாளில் வாபஸ் ஆனது. இன்னொன்று அசையவே இல்லை. "போராடி என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு கதையும் சேர்ந்துதான் பதில்.

வாபஸ் ஆன மசோதா

2023 ஏப்ரல் 21-ம் தேதி தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா தமிழக சட்டப்பேரவையில் நிறைவேறியது. 65ஏ என்ற புதிய பிரிவு மூலம், ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க ஆலைகளுக்கு அரசு விலக்கு அளிக்க முடியும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் வேலை பார்த்தால் மூணு நாள் லீவு, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்தான் என்றது அரசு. ஆனால் காலை 8 மணிக்கு ஆலைக்குள் போகிறவர் இரவு 8-க்குத்தான் வெளியே வருவார். ரயில், பஸ் நேரம் தனி. அதுபோக, ஒப்பந்தத் தொழிலாளி முதலாளியிடம் "எனக்கு விருப்பம் இல்லை" என்று சொல்லிவிட முடியுமா?

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அதற்குச் சற்று முன்தான் கர்நாடகா இதேபோல் சட்டத்தைத் திருத்தியிருந்தது. அதற்கு ஆப்பிள், ஃபாக்ஸ்கான் நிறுவனங்கள் அழுத்தம் கொடுத்ததாக 'ஃபைனான்சியல் டைம்ஸ்' செய்தி வெளியிட்டது. முதலீடு வர வேண்டும் என்பதுதான் தமிழக அரசும் சொன்ன காரணம்.

இடதுசாரிகளும் விசிகவும் பேரவையிலிருந்து வெளிநடப்பு செய்தனர். காங்கிரஸ், மதிமுகவும் எதிர்த்தன. திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொமுசவே எதிர்ப்பு தெரிவித்தது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகின. ஏப்ரல் 24-ல் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

ஆவடியில் ஏன் நடக்கவில்லை?

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவத்துக்கு டாங்கிகள் செய்யும் மத்திய அரசு ஆலை. இதுபோன்ற படைக்கலன் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக மாற்றும் முடிவை எதிர்த்து, சங்கங்கள் 2021 ஜூலையில் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிட்டன. அதற்குள் ஜூன் 30-ம் தேதியே அவசரச் சட்டம் வந்துவிட்டது. வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை. அந்த ஆண்டு அக்டோபர் 1-ல் வாரியம் கலைக்கப்பட்டு 7 அரசு நிறுவனங்கள் உருவாகின.

இங்கே எதிரில் இருந்தது தனியார் கம்பெனி இல்லை என்பது உண்மை. ஆனால் போராட்டத்தின் பலத்தை அளக்க இது உதவும். சென்னையில் ஆளுங்கட்சிக்குக் கூட்டணியைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இருந்தது, அடுத்த ஆண்டே மக்களவைத் தேர்தல். டெல்லியில் அந்த நெருக்கடி எதுவும் இல்லை. கோஷத்தின் சத்தத்தை விட, கேட்பவருக்கு என்ன இழப்பு என்பதுதான் பலனைத் தீர்மானித்தது.

ஆலை மூடியது, பணம்?

தூத்துக்குடி ஸ்டெர்லைட்டில் மக்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. 2018 மே 22-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் அதைத் தொடர்ந்தும் 13 பேர் உயிரிழந்தனர். மே 28-ல் ஆலையை மூட அரசாணை வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2020-லும், உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும் அதை உறுதி செய்தன. அந்தப் போராட்டம் ஜெயித்ததா என்று கேட்டால், ஜெயித்தது.

ஆனால் பலருக்குத் தெரியாத இன்னொரு வழக்கும் உண்டு. ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனமான வேதாந்தா குழுமத்திடம் நன்கொடை வாங்கியதில், பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. நடவடிக்கை வந்ததா? 2016-ல் அந்தச் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். 2018-ல் மறுபடி திருத்தி, 1976 வரை பின்னோக்கி விலக்கு கொடுத்தார்கள். இதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. புகை கண்ணுக்குத் தெரியும், நிதி மசோதாவின் ஒரு வரி யார் கண்ணில் படும்?

அப்போ பணத்தைத் தொட்டது எது?

நீதிமன்றம். யார் கொடுத்தார்கள் என்று மக்களுக்குத் தெரியாமலேயே கட்சிகளுக்கு நிதி தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018-ல் வந்தது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், மார்க்சிஸ்ட் கட்சி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரி 15 அன்று 5 நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தனர். நிறுவனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடை தரலாம் என்ற திருத்தமும் ரத்தானதால், 3 ஆண்டு சராசரி லாபத்தில் 7.5% என்ற பழைய உச்சவரம்பு திரும்பியது.

பட்டியல் வெளியானபோது அதிகப் பத்திரம் வாங்கியிருந்தது ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், ₹1,368 கோடி. அதில் ₹509 கோடி திமுகவுக்குப் போயிருந்தது. 12 மணி நேர மசோதாவை மக்களுக்குப் பயந்து வாபஸ் வாங்கிய அதே கட்சிதான்.

ஆக, போராட்டம் ஒரு சட்டத்தையோ ஆலையையோ நிறுத்தும். கட்சிக் கணக்குக்குப் பணம் போகும் வழியை அடைக்க ஆவணமும் வழக்கும் வேண்டும், அதற்கு ஆறு வருடம் ஆனது. இப்போது நிறுவனங்களின் பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. யாரிடம் வாங்கி எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று அவை ஆண்டுதோறும் தரும் கணக்கைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.