வேப்பிலை வாசலும் வார்டு வாசலும்

பெரியம்மை நாட்டை விட்டுப் போகாத காலத்தில், ஒரு வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டால் போதும். ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஊருக்கே சேதி போய்விடும். அதன்பின் அந்த வீட்டுக்கு வெளியார் வரமாட்டார்கள். அந்த வீட்டுத் துணி வெளுக்கப் போகாது. அடுப்பில் தாளிப்பு இருக்காது, கூழும் இளநீரும்தான். நோயாளிக்கு வாழையிலைப் படுக்கை, விசிறிவிட வேப்பங்குழை. அம்மை இறங்கியபின் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றும் வரை இந்தக் கட்டு நீடிக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் வட்டாரம் உட்பட தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றிலும் இதுவே நடைமுறையாக இருந்தது.

இதில் எது வேலை செய்தது? பெரியம்மைக் கிருமி மூச்சிலும், நோயாளியின் துணி, படுக்கையிலும் பரவியது. வேப்பிலை அந்தக் கிருமியைக் கொன்றதற்குச் சான்று இல்லை. ஆனால் வாசலில் தொங்கிய கொத்து ஆட்களை வெளியிலேயே நிறுத்தியது. துணியை வீட்டுக்குள்ளேயே வைத்தது. காத்தது இலையைவிட அதைச் சுற்றியிருந்த விதிதான். வைத்தியம் மருத்துவமனைக்கு இடம் மாறியபோது இலை கூடவே போனது, விதி வீட்டோடு தங்கிவிட்டது.

பர்கூர் அடங்கிய பாராமஹால் பகுதி 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் அம்மைக்குத் தடுப்பூசியும் இந்தியா வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் ஊசி போடப்பட்டது. ஆத்தாளின் கோபத்துக்கு ஆளாவோமோ என்று பலரும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்க மைசூர் அரண்மனையே முன்வந்தது என்று வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் தீட்டிய ஓவியத்தில், புடவையை ஒதுக்கி ஊசி போட்ட கையைக் காட்டி நிற்கும் பெண் மைசூர் ராணி என்பது அவர் முடிவு.

அடுத்த பெரிய அச்சம் பிளேக். 1898 ஆகஸ்டில் அது பெங்களூரை எட்டியது. அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் வழியாகச் செல்லும் பாதையில் வண்டிகளும் வியாபாரிகளும் நடமாடிய காலம் அது. சென்னை மாகாண அரசு ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற சீட்டைக் கொண்டுவந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து வருபவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் பத்து நாள் அதிகாரிகள் முன் தலைகாட்ட வேண்டும். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கிருமிநாசினி தெளித்தார்கள், நோயாளிகளை முகாம் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். மக்கள் நோய்க்கு அஞ்சிய அளவுக்கு அந்த முகாம்களுக்கும் அஞ்சினார்கள். பெங்களூரில் பிளேக் மாரம்மாவும் கோவையில் பிளேக் மாரியம்மனும் கோயில் கொண்டது இந்தக் கலக்கத்தில்தான்.

எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்து வெட்டவெளியில் குடிசை போட்டுத் தங்குவதும் அக்காலப் பழக்கம். எலியின் உடலை விட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைக் கடத்துகிறது என்று மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்தது 1898இல்தான். காரணம் தெரிவதற்கு முன்பே கால் சரியான திசையில் நடந்திருந்தது.

எல்லாப் பழக்கமும் இப்படிச் சரியாக அமையவில்லை. பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று தனி அறையில் வைத்தபோது வெளியார் வருகை குறைந்தது, அது லாபம். அதே அறையில் குழந்தையின் தொப்புளில் சாம்பலும் சாணமும் வைத்தார்கள். அந்த வழியாக ரணஜன்னிக் கிருமி உள்ளே போய் எத்தனையோ சிசுக்களைக் கொன்றது. இயற்கையானது எல்லாம் நல்லது என்பதற்கில்லை, சாணமும் இயற்கைப் பொருள்தான். தாய்க்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவலான பிறகே, 2015இல், தாய்சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

காயத்துக்கு மஞ்சள் வைக்கும் வழக்கத்துக்கு ஒரு நீதிமன்றக் கதை போன்ற வரலாறு உண்டு. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் 1953ஆம் ஆண்டு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டி மறுபரிசீலனை கோரி, 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. இது நமக்குப் பழைய அறிவு என்பது அதில் நிலைநாட்டப்பட்டது. அஞ்சறைப்பெட்டி மஞ்சளை அறுவைக் காயத்தில் தூவலாம் என்று அதற்குப் பொருளில்லை. கிருமி நீக்கப்படாத தூள் தையலுக்குள் புதுக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

வாழையிலை தேறிய கதை வேறு. மும்பை சயான் மருத்துவமனை மருத்துவர்கள் தீக்காயத்துக்கு வாழையிலைக் கட்டைச் சோதித்து 2003இல் ஆய்வு வெளியிட்டார்கள். மெழுகுப் பூச்சுள்ள இலை புண்ணில் ஒட்டாததால் கட்டு மாற்றும்போது வலி குறைவு. விலையும் மிகக் குறைவு. ஆனால் அந்த இலை தோட்டத்திலிருந்து நேராகக் கட்டிலுக்கு வரவில்லை. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கிய பிறகே புண்ணைத் தொட்டது.

2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரையும் தமிழ்நாடு அரசே வழங்கியது. காய்ச்சல் காலத்துக்கென வகுத்த இந்தக் கஷாயங்கள், சிறுநீர்க் குழாய் வழியாகவோ ஊசி குத்திய இடத்தின் வழியாகவோ நுழையும் மருத்துவமனைக் கிருமியைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. அந்தக் கிருமிகளோ முரட்டுத்தனமானவை. கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதி பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளிடமும் அது காணப்பட்டது. இரண்டே ஆண்டில் மருத்துவ அமைப்புகள் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தக் கோரும் ‘சென்னைப் பிரகடன’த்தை உருவாக்கின.

கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது. பெரிய சிகிச்சைக்கு வேலூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிய பர்கூர்க்காரர்களுக்கு அது பக்கத்தில் கிடைத்த வசதி. ஆனால் எந்த வார்டிலும் ஆபத்து ஒன்றுதான். நடுத்தர, ஏழை நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேர் அங்கேயே ஏதாவதொரு தொற்றைப் பெறுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு. பணக்கார நாடுகளில் 7 பேர். கை கழுவினால் பிரசவ வார்டுச் சாவு குறையும் என்று வியன்னாவில் மருத்துவர் செம்மல்வெய்ஸ் காட்டியது 1847இல். அந்த வேலைக்கு இன்றும் சோப்பும் சானிடைசரும்தான் முதல் மருந்து.

நோயாளியும் உடன் இருப்பவரும் செய்யக்கூடியவை சில உண்டு. பார்க்க வருபவர்களை ஒருவர் இருவரோடு நிறுத்தலாம். சளி, இருமல் உள்ளவரை வரவேண்டாம் என்று சொல்லலாம். தொடுவதற்கு முன் கை கழுவினீர்களா என்று மருத்துவரிடமே கேட்கலாம். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் விசாரிக்கலாம். வீட்டில் கஷாயமோ லேகியமோ சாப்பிட்டுவந்தவர் அட்மிஷனின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். சில மூலிகைகள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டி, அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கை அதிகமாக்கும்.