இரு கல்லூரிகளும் சப்பிரகமுவ லயங்களும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் இந்நாட்டின் பல வீடுகளிலே ஒரு விவாதம் தொடங்கிவிடுகிறது. கணிதத் துறையில் நல்ல புள்ளி பெற்ற பிள்ளையை மொறட்டுவைக்கு அனுப்புவதா, பேராதனைக்கு அனுப்புவதா? கொழும்பிலே உறவினர் வீடு இருந்தால் மொறட்டுவையில் தங்குமிடச் செலவு மிச்சம். பேராதனையிலே பழம்பெருமை உண்டு. எந்தப் பட்டத்துக்கு உத்தியோகம் விரைவில் கிடைக்கும்? மாமன்மாரும் தனியார் வகுப்பு ஆசிரியர்களும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வர். செலவையும் பெயரையும் தராசுத் தட்டுகளில் இட்டு நிறுத்துப் பார்க்கும் இவ்வழக்கத்தை நாம் ஏளனம் செய்ய வரவில்லை. கையிருப்புக் குறைந்த குடும்பத்துக்கு அது நியாயமான கவலையே. ஆயினும், எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளையின் கைக்கு இந்தத் தராசு ஏன் இத்துணை அரிதாகவே எட்டியது? விடை காண வேண்டுமாயின், கல்லூரிகளின் வரலாற்றையும் தோட்டத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நாமோ அவற்றைத் தனித்தனியாகவே படித்துப் பழகிவிட்டோம்.

பொறியியல் என்பது சப்பிரகமுவத் தோட்டங்களுக்குப் புதிய பொருளன்று. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய ரெயில் பாதை 1902இல் அவிசாவளையை அடைந்தது. 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும் நீண்டது. இரண்டரை அடி அகலமுள்ள அந்தப் பாதை தேயிலைக்காகவும் பின்னர் றப்பருக்காகவும் ஓடிற்று. தோட்டத்தார் ‘இஸ்டோர்’ என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையிலே பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சன் கம்பெனியின் ‘சிறொக்கோ’ உலர்த்திகள் வெப்பக் காற்றை வீசின. கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் இரவு பகலாகச் சுழன்றன. அவற்றுக்கு எண்ணெய் விட்டவனும், பட்டி அறுந்தால் மாட்டியவனும், சூட்டைக் கையாலே உணர்ந்து சொன்னவனும் லயத்து மனிதன். இயந்திரம் அவனுக்கு அந்நியமன்று. இயந்திரத்தைப் பற்றிய படிப்புத்தான் அந்நியம்.

அந்த அந்நியம் தற்செயலாக விளைந்ததல்ல. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலே கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. பத்து வயதுக்குப் பின் பிள்ளை எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டிய அவசியம் சட்டத்துக்கு இருக்கவில்லை. அதைப் பிரட்டுக்களம் சொல்லிற்று. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், நாலைந்து வகுப்புகள்: இதுவே தோட்டப் பள்ளிக்கூடம். எழுதவும் கூட்டவும் தெரிந்தால் போதும்; கூடினால் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்துத் தன் நாட்பேரைச் சரிபார்ப்பான். அதற்குமேல் படித்தவன் றப்பர் மரத்திலே பால்வெட்ட வரமாட்டான் என்பதைத் துரைமார் நன்கு அறிந்திருந்தனர்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற அந்த ஏற்பாட்டை ஆசியாவிலேயே முன்னோடியானதென்று நாம் பெருமையுடன் பேசுகிறோம், பேச வேண்டியதே. ஆனால் நிர்வாகங்களின் கையிலிருந்த தோட்டப் பள்ளிக்கூடங்கள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே விடப்பட்டன. தோட்டங்கள் தேசியமயமான 1970களிலேதான் அப்பள்ளிகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளி. ஒரு தலைமுறை முழுவதும் பள்ளிப்பருவம் கடந்து, தன் பிள்ளைகளையும் அதே ஒற்றை மண்டபத்துக்கு அனுப்பிவிடக்கூடிய காலம் அது.

இலவசம் என்று ஒன்றில்லை. யாரோ கொடுத்த பணத்திலேதான் இலவசம் நடக்கும். அக்காலத்தில் அரசாங்க வருமானத்தின் பெரும்பங்கு தேயிலை, றப்பர், தெங்கு ஏற்றுமதியிலிருந்து வந்தது. 1950இல் கொரிய யுத்தம் மூண்டதும் றப்பர் விலை ஏறிற்று. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட றப்பர்–அரிசி ஒப்பந்தம் ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு விலை உறுதி செய்தது. அந்த றப்பரை ஈந்தவற்றுள் கேகாலையும் இரத்தினபுரியும் முதன்மையானவை. கொரிய யுத்தம் தொடங்கிய அதே 1950இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பிலே திறக்கப்பட்டது. றப்பர்ப் பணம் நேராக அப்பீடத்துக்குப் போயிற்று என்று நாம் கணக்குக் காட்ட முற்படவில்லை. பொதுப் பெட்டியிலே போட்டவர் யார், அதிலிருந்து எடுத்தவர் யார் என்று கேட்பதே நம் நோக்கம்.

இனி, கல்லூரிகளின் கதைக்கு வருவோம். 1893இல் மருதானையில் தோன்றிய தொழில்நுட்பப் பள்ளியே இரண்டுக்கும் மூதாதை. 1930களில் அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பொறியியற் பட்டத்துக்கு மாணவர்கள் தயார் செய்யப்பட்டனர். 1950இல் பட்டப்படிப்பு பல்கலைக்கழகத்துக்குப் போனது. பேராசிரியர் ஆர். எச். போல் முதல் பீடாதிபதி. 1964இல் பீடம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. மறுபுறம், 1960இல் கனடா நாட்டு உதவியுடன் கட்டுபெத்தையில் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது; 1966இல் அவ்விடத்திலே இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. ஒருபுறம் பட்டம், மறுபுறம் டிப்ளோமா. கட்டுபெத்தைக்குப் போனவனைப் பேராதனை கிடைக்காதவன் என்று பேசிய காலம் உண்டு. 1972இல் அக்கல்லூரி பல்கலைக்கழக வளாகமாகிப் பட்டம் வழங்கும் தகுதி பெற்றது. 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று பலர் விண்ணப்பத்தில் முதலாவதாக எழுதுவது மொறட்டுவையைத்தான். பெயர் என்பது கல்லிலே பொறித்த எழுத்தல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் பட்டம் வழங்கும் அதிகாரமும் எங்கே வைக்கப்படுகின்றனவோ, அங்கே பெயர் வந்து சேர்கிறது.

அந்தப் பெயருக்கு அன்று இருந்த விலை என்ன? பொது வேலைப் பகுதி, நீர்ப்பாசனப் பகுதி, ரெயில்வே, மின்சாரப் பகுதி ஆகியவையே பொறியியலாளனுக்குச் சோறு போட்டவை. எல்லாம் அரசாங்க உத்தியோகங்கள். பிரஜாவுரிமை கேட்கும் உத்தியோகங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமோ தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. ஆகவே ஏதோ ஓர் அற்புதத்தால் லயத்துப் பிள்ளை பட்டம் பெற்றிருந்தாலும், அப்பட்டத்தை மாற்றிப் பணமாக்கும் சந்தை அவனுக்கு அடைபட்டிருந்தது.

அச்சட்டத்தை எதிர்த்தவர்களுள் கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களின் நடுவே தொகுதி கொண்டிருந்த என். எம். பெரேராவும் அவரது சமசமாஜக் கட்சியும் உண்டு. அதை மறப்பது நன்றியன்று. அதற்குப் பின் நடந்ததை மறைப்பதும் நேர்மையன்று. 1964 ஜூனில் அவர் கூட்டரசாங்கத்தின் நிதி மந்திரியானார். அவ்வரசாங்கமே அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பேசுவதற்கு. பேராதனையிலே பொறியியற் பீடம் குடியேறிய ஆண்டும் அதுவே. திருச்சிராப்பள்ளியிலே வட்டாரப் பொறியியற் கல்லூரி தொடங்கிய ஆண்டும் அதுவே. கடலின் இருகரையிலும் கல்லூரிகள் திறந்தன. இடையிலே லட்சக்கணக்கானோர் எந்தக் கரை தமக்கென்று அறியாது நின்றனர். பொறியியலாளனை உருவாக்கப் பதினேழு பதினெட்டு ஆண்டு படிப்பு வேண்டும். அடுத்த ஆண்டு எந்த நாட்டிலே இருப்போமென்று தெரியாத தகப்பன் அத்தனை ஆண்டுக்குக் கணக்குப் போட முடியுமா? கப்பலேறியவர்களுள் ஒரு பகுதியினரை ஏற்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியிலே ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. கொழுந்துக்கூடையிலிருந்து கொழுந்துக்கூடைக்கே பயணம்.

1971ஆம் ஆண்டு அனுமதியில் நடந்தது எல்லோரும் அறிந்த கதை. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளி, தமிழ் மொழி மாணவருக்கு 250. கட்டுபெத்தைக்கு 212, 232. இரு கல்லூரிகளுக்கும் இடையே இருந்த மதிப்பு வேறுபாடும், இரு மொழிகளுக்கும் இடையே வைத்த அநீதியும் ஒரே அட்டவணையிலே பதிந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து இளைஞரின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பெரும் வாதப்பிரதிவாதத்திலே சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளையின் பெயர் எங்கே? 250க்கும் 232க்கும் வருத்தப்படுவதற்கு அவன் முதலில் பரீட்சை மண்டபத்துள் இருக்க வேண்டுமே. உயர்தர வகுப்பிலே தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அவன் நடந்து போகும் தூரத்தில் இருக்கவில்லை.

பின்பு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஜனத்தொகைக்கு ஏற்ப இடம் என்பது கேட்க நல்லதாகவே இருக்கிறது. லயத்துத் தலைகளும் மாவட்டத்தின் தலைகளாக எண்ணப்பட்டன. அவற்றால் வந்த இடங்களோ ஆய்வுகூடமுள்ள நகரப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குப் போயின. இன்றைய முறையில், கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குத் தனியாக ஐந்து வீதம் உண்டு. இரத்தினபுரி அப்பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. தெஹியோவிட்டைப் பக்கத்து லயத்துக்கும் எஹலியகொடைப் பக்கத்து லயத்துக்கும் இடையே மாவட்ட எல்லை ஒன்றைத் தவிர வேறு வித்தியாசம் யாதென்று அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

நுவரெலியாவைப் போல் இங்கே தோட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஆகையால் தமிழ் உயர்தரப் பள்ளியொன்றைத் தாங்கும் அளவுக்கு மாணவர் ஓரிடத்தில் சேர்வது அரிது. சிலர் அருகிலுள்ள சிங்களப் பள்ளியிலே சேர்ந்து அம்மொழியிலேயே கற்கின்றனர், அதிலே தவறில்லை. தமிழிலே கற்க விரும்புவோருக்குப் பதினாறாம் வயதிலேயே இரண்டு வழிகள். ஒன்று, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய, கலைப் பிரிவு மட்டுமுள்ள பள்ளி. மற்றது, ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்ற தூரத்துப் பெயர்பெற்ற பள்ளி; அதற்குத் தங்குமிடமும் சாப்பாடும் பிரத்தியேக வகுப்புக் காசும் வேண்டும். செலவா, பெயரா என்ற கேள்வி லயத்துக்கு வரும் இடம் இதுவே. மொறட்டுவையும் பேராதனையும் அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பின்னால் நிற்கின்றன. பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லை; 1981 முதல் மகாபொல உதவியும் உண்டு. உதவி கிடைப்பதோ வாசலைக் கடந்த பிறகு. வாசலுக்கு வருவதற்கு முந்திய இரண்டு ஆண்டுச் செலவை, 2021இல் நீண்ட போராட்டத்துக்குப் பின்பே நாளொன்றுக்கு 1,000 ரூபாவைக் கண்ட சம்பளத்திலிருந்து எடுக்க வேண்டும். மழை நாளிலே பால்வெட்டில்லை. பால்வெட்டில்லாத நாளிலே பேருமில்லை.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1977இலும் 1983இலும் நடந்தவற்றுக்கு அது இடைக்கண்ணி. உயிர் தப்பியவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினர். பிறகு வந்த யுத்தம் அவர்களை அங்கும் விடவில்லை. யுத்தம் முடிந்தபின், 2010களில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் அமைந்தது. இறக்குவானையிலிருந்தும் காவத்தையிலிருந்தும் ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் மாவட்டத்திலேயே இன்று ஒரு பொறியியற் பீடம் நிற்கிறது. அந்த மாவட்டமும் பதினாறில் ஒன்று. ஓடாமல் இறக்குவானையிலேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கணித வகுப்புக்குப் போக இன்றும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.