கழிவு எண்ணெய் இறங்கிய மண்: பற்றீரியாக்களுக்கு என்ன நடக்கிறது?

சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பேச்சு பெரும்பாலும் கிணற்று நீரைப் பற்றியே இருந்தது. எண்ணெய் கிணற்றை அடையுமுன் கடந்து செல்வது மண்ணை.

ஒரு கிராம் தோட்ட மண்ணில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. எண்ணெயிலுள்ள ஐதரோகாபன்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. பற்றீரியாவைச் சுற்றியுள்ள மென்சவ்விலும் கொழுப்பே முக்கிய கூறு. ஐதரோகாபன்கள் அதற்குள் புகுந்து தங்கும்போது மென்சவ்வு தளர்கிறது, உள்ளிருப்பவை கசிகின்றன, சக்தி உற்பத்தி குலைகிறது. தொலுயீன் போன்ற சிறிய மூலக்கூறுகள் விரைவாகத் தாக்கும். பல வளையங்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகள் மண் துணிக்கைகளில் ஒட்டி ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

ஆனால் எல்லாப் பற்றீரியாக்களும் சாவதில்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான். சூடோமோனாஸ், றொடோகொக்கஸ் போன்றவற்றுள் சில எண்ணெயையே உணவாக்கிப் பெருகுகின்றன. எண்ணிப் பார்த்தால் மொத்தத் தொகை முன்பைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். அதை வைத்து மண் நலமாக உள்ளது என்று எவரும் சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. குறைந்திருப்பது வகைகள். குறிப்பாக, அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. அவை மெதுவாகவே பெருகுபவை. அந்த வேலையைச் செய்யக்கூடிய இனங்களும் சிலவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெயில் காபன் ஏராளம், நைதரசன் மிகக் குறைவு. எண்ணெய் தின்னும் பற்றீரியாக்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுக்கின்றன, ஒட்சிசனையும் தீர்க்கின்றன. பயிருக்கு மிஞ்சுவது கொஞ்சம். கராஜ்களில் பழைய ஒயில் ஊற்றும் மூலையில் புல்கூட முளைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிகாரமும் இதிலிருந்தே வருகிறது. மண்ணைக் கிளறிக் காற்றுப் புகவிட்டு, ஈரம் காத்து, நைதரசனும் பொசுபரசும் சேர்த்தால் எண்ணெய் தின்னும் பற்றீரியாக்கள் விரைவாக வேலை செய்யும். 1989 இல் அலஸ்காவில் எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பின் கடற்கரைகளில் உரம் இட்டதும் இதற்காகவே.

இதெல்லாம் மேல்மண்ணுக்குப் பொருந்தும். சுன்னாகத்துச் செம்மண்ணின் கீழே இருப்பதோ சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக இறங்கிய எண்ணெயை மண்வெட்டி எட்டாது. ஒட்சிசன் குறைந்த அந்த ஆழத்தில் பற்றீரியாக்களின் வேலையும் மிக மெதுவாகவே நடக்கும்.