நீர்வளர்ப்புக் கீரைகளும் தழைச்சத்தும்

மண்ணில்லாமல் சத்துக்கரைசலில் வளரும் கீரைகளின் விளைச்சலையும் தரத்தையும் பெருமளவு தீர்மானிப்பது, தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனின் அளவு. ஹோக்லண்டும் ஆர்னனும் வகுத்து, ஆர்னன் 1950இல் திருத்தி வெளியிட்ட புகழ்பெற்ற கரைசலில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 210 மில்லிகிராம். இலைக் காய்கறிகள் பெரும்பாலும் 100 முதல் 200 வரையிலேயே செழிக்கின்றன.

பற்றாக்குறை முதலில் அடியிலைகளில் தெரியும். செடி பழைய இலையின் சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடுவதால் கீழே மஞ்சள் பூக்கும், மேலே பச்சை நிற்கும். அளவு கூடினால் இலை அகன்று கரும்பச்சையாகும். ஆனால் திசு நீர்த்துப்போய்ச் சீக்கிரம் வாடும். உறிஞ்சியும் பயன்படாத சத்து நைட்ரேட்டாக இலைக்குள் தேங்கும். இலைப்பரப்பைவிடக் காம்பில் அதிகம். ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க நைட்ரேட் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம். ஸ்பினாச் எனப்படும் ஐரோப்பியப் பசலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 3,500 மில்லிகிராம் என வரம்பு வைத்துள்ளது.

நைட்ரேட்டைப் புரதமாக்கும் வேலைக்கு வெளிச்சம் வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் மூடியே கிடக்கும். மே மாத வெயிலுக்குப் பொருந்திய கரைசலையே அப்போதும் ஊற்றுவது தவறு. தழைச்சத்தைக் குறைக்க வேண்டும். அறுவடையைக் காலையில் செய்வதைவிட, பகல் வெயில் பட்ட பிறகு மாலையில் செய்வது நல்லது. கடைசிச் சில நாட்கள் தழைச்சத்தில்லாத கரைசலில் விட்டாலும் நைட்ரேட் குறையும்.

கடலூர், சிதம்பரம் கரையோரத்தின் இன்னொரு சிக்கல் தண்ணீர். கடலோர ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு ஏறியிருக்கிறது. மின்கடத்துதிறன் மானி உப்பையும் உரத்தையும் பிரித்தறியாது. 1.8 என்று அது காட்டும்போது அதில் பாதி சோடியமும் குளோரைடுமாக இருக்கலாம். கரைசல் நிறைந்திருப்பதாக எண்ணி உரத்தை நிறுத்தினால் செடி பட்டினி கிடக்கும். குளோரைடு, வேருக்குள் நைட்ரேட் நுழைவதையும் தடுக்கிறது. ஆகவே உரம் வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதிப்பதே முதல் வேலை. சேமித்த மழைநீரைக் கலந்தால் உவர்ப்பு தணியும். தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால், அதை ஊடகமாக வைப்பவர்கள் முதலில் நன்றாக அலசிவிட வேண்டும்.

எந்த உரம் என்பதும் முக்கியம். வயலில் மண்ணுயிர்கள் யூரியாவை நைட்ரேட்டாக்கித் தரும். தொட்டியில் அவை போதிய அளவில் இல்லை. கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் ஆகியவையே இங்கு அடிப்படை. கால்சியம் நைட்ரேட்டின் அடர்கரைசலைச் சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கலந்தால் வெண்படிவாகிவிடும். அதனால் இரு தொட்டிகள் தேவை. அம்மோனியம் மொத்தத் தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், வெப்பநாட்களில் வேர் கருகக்கூடும்.