ஆர்கான்: வேலையில்லாதவன் என்றொரு பெயர்

நாம் இழுக்கும் மூச்சில் 0.93 விழுக்காடு ஆர்கான். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள ஓர் அறையில் சுமார் 260 லிட்டர் இருக்கும். ஊரெல்லாம் பேசும் கரியமில வாயுவைவிட இது இருபது மடங்குக்கும் அதிகம். இவ்வளவு இருந்தும் 1894 வரை அதற்குப் பெயரே இல்லை. கிடைத்த பெயரும் ஏச்சுப் போலத்தான் அமைந்தது.

கிரேக்கத்தில் 'எர்கோன்' என்றால் வேலை. 'எனர்ஜி' என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதுதான். முன்னால் 'அ' வந்தால் அது இல்லை என்றாகும். நீதி, அநீதி என்று நமக்குப் பழக்கமான வடமொழி 'அ'வுக்கு அது தூரத்து உறவு. வேலை இல்லாத என்ற பொருளில் பிறந்த 'அஎர்கோஸ்' தேய்ந்து 'ஆர்கோஸ்' ஆயிற்று. 'ஆர்கோன்' அதன் அஃறிணை வடிவம். மந்தத்தைக் குறிக்கும் 'லெதார்ஜி'யின் வாலில் ஒட்டியிருப்பதும் இதே சொல்தான்.

ஒலியொப்புமையை மட்டும் நம்பினால் இங்கே வழுக்கிவிடும். கிரேக்கத்தில் இன்னொரு 'ஆர்கோஸ்' உண்டு. ஒளிர்கிற, விரைவான என்று அதற்குப் பொருள். ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸின் நாய்க்கு வைத்த பெயர் அது. வெள்ளிக்கு லத்தீனில் வழங்கும் 'ஆர்ஜென்டம்' அந்த வேரின் கிளை. ஆர்கானுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெயர் பிறந்த கதை எடையில் தொடங்குகிறது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும் வேதிப்பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் ஒரே கண்ணாடிக் குடுவையில் நிரப்பி இயற்பியலார் ராலே பிரபு நிறுத்துப் பார்த்தார். முதலாவது 2.3102 கிராம், இரண்டாவது 2.2990 கிராம். வித்தியாசம் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குதான். வேறொருவர் தராசைக் குறை சொல்லி விட்டிருப்பார், ராலே விடவில்லை. 1892-இல் 'நேச்சர்' இதழில் தம் குழப்பத்தை எழுதி, வேதியியலாரிடம் விளக்கம் கேட்டார். வேதியியலார் வில்லியம் ராம்சே சூடான மக்னீசியத்தின் மேல் காற்று நைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜனை மக்னீசியம் விழுங்கியது. விழுங்க முடியாத ஒரு வாயு எஞ்சி நின்றது. 1785-லேயே ஆங்கில விஞ்ஞானி கேவன்டிஷ், மின்பொறியால் காற்றின் நைட்ரஜனைத் தீர்த்த பிறகும் அடங்காத ஒரு சிறு குமிழியைக் கண்டு, அது அந்த நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று குறித்து வைத்திருந்தார். அதற்குப் பெயர் வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் ராலேயும் ராம்சேயும் தங்கள் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். எதோடும் சேராததால் அந்த வாயு ஆர்கான் ஆனது.

புத்தகங்கள் பலவும் இந்தப் பெயரைச் 'சோம்பேறி' என்று பெயர்க்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிய ஏற்பாட்டில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாள் தேடும் உவமை வருகிறது. யாரும் வேலைக்குக் கூப்பிடாமல் சந்தைவெளியில் நிற்பவர்களை அதன் கிரேக்க மூலம் இதே 'ஆர்கோஸ்' என்ற சொல்லால்தான் குறிக்கிறது. அவர்களுக்குச் சோம்பல் இல்லை, வேலைதான் இல்லை. ஆர்கானுக்குப் பொருந்துவதும் இந்தப் பொருளே. அதன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. கொடுக்கவும் வாங்கவும் அதற்குத் தேவை எழுவதில்லை. ராம்சே அனுப்பிய ஆர்கானை, எதையும் தாக்கும் ஃப்ளூரினோடு சேர்த்துப் பார்த்து பிரெஞ்சு வேதியியலார் மொய்சான் தோற்றார். 2000-இல்தான் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் கடுங்குளிரில் அதை ஹைட்ரஜன், ஃப்ளூரினோடு ஒரு சேர்மமாகப் பிணைத்தார்கள்.

சேராத குணமே பிறகு அதற்கு வேலை வாங்கிக் கொடுத்தது. பாறையிலுள்ள பொட்டாசியம்-40 சிதையும்போது அதில் ஒரு பகுதி ஆர்கான்-40 ஆகிறது. அது எதோடும் பிணையாமல் படிகத்துக்குள் சிறைப்பட்டுக் கிடப்பதால், அதன் அளவைக் கொண்டு பாறையின் வயதைக் கணக்கிடுகிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று பலகை தொங்குகிறதே, அங்கும் இதே கதைதான். டங்ஸ்டன் முனையில் தீப்பொறி எழுந்து அலுமினியம் கண்ணாடிபோல் மின்னி உருகும்போது, முனையைச் சுற்றி ஆர்கான் சீறி வந்து ஆக்ஸிஜனை அண்டவிடாமல் தடுக்கிறது. கிரேக்கம் அறியாத வெல்டர், வேலையில்லாதவன் என்று பொருள்படும் சொல்லைத் தன் தொழிலுக்கே பெயராக்கிக்கொண்டார்.

அந்தப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்கானுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. அது நஞ்சும் அல்ல. ஆனால் காற்றைவிடக் கனமானது. குழியிலும் தொட்டியிலும் தேங்கி, ஆக்ஸிஜனை வெளியே தள்ளிவிடும். உள்ளே இருப்பவர் மூச்சு முட்டுவதை உணருமுன்பே மயங்கி விழுவார். அதனால் மூடிய தொட்டிக்குள் வெல்டிங் செய்ய இறங்குமுன் காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள். வெளியே ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தாமல் இறங்காதீர்கள்.